உள்ளதைத் திருத்தும் கலை: எண்ணிமப் பொருள்களும் அவற்றின் முகாமையாளரும்

ஒரு பொருளைப் புதிதாகப் படைத்தல் ஒருவகைத் திறன். படைத்ததைப் பயன்கெடாது திருத்தல் பிறிதொரு வகைத் திறன். முன்னதைச் செய்தாரை உலகம் போற்றும். பின்னதைச் செய்தாரைப் பெரும்பாலும் அறியாது. எனினும், ஆய்ந்து நோக்குமிடத்துப் பின்னதன் அருமை புலனாகும். வெறுநிலத்தில் வீடு கட்டுவோன் தன் கருத்திற்கேற்ப அத்திவாரமிடலாம். குடியிருக்கும் வீட்டைத் திருத்துவோனோ, அடுக்களையில் உலை கொதிக்கவும் திண்ணையிற் பிள்ளைகள் படிக்கவும் இடையூறின்றித் தன் தொழிலை முடித்தல் வேண்டும்.

கணனியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் எண்ணிமப் பொருள்கள் இத்தகைய குடியிருக்கும் வீடுகளே. அவற்றை ஆக்கும் நிறுவனங்களிற் 'புறொடக்ற் மனேஜர்' எனப்படும் அலுவலர் உளர். அவரைப் பொருள் முகாமையாளர் என நாம் வழங்கலாம். நிரலெழுதும் பொறியியலாளர், தோற்றம் வகுப்போர், வணிகத்தைக் கவனிப்போர், பயன்கொள்வோர் ஆகிய நாற்றிறத்தார்க்கும் நடுவில் நின்று, எதனை முதலிற் செய்வது, எதனைச் செய்யாது விடுவது என முடிவு காண்பதே அவர் கடன். ஒரு பொருள் வளர்ந்து பலர் கைப்பட்டபின், உள்ள வசதிகளைச் சீர்ப்படுத்துதல் அவர் பணிகளுட் பெரும்பணியாகின்றது. அங்ஙனம் திருத்தப் புகுவார், 'இவ்வசதி நன்றா?' என்று பொதுப்பட வினவுதல் போதாது. 'யாருக்கு நன்று? யாருக்கு இடர்?' எனப் பகுத்து வினவுதல் வேண்டும். இதன் இன்றியமையாமையை மூன்று நிகழ்ச்சிகள் வாயிலாக விளக்குவாம்.

முதலாவது, இடர் எங்குளது எனக் காண்டல். 2006 ஆம் ஆண்டில் தோன்றி, 2023 இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய ருவிற்றர் தளத்தில், ஒரு செய்தி 140 எழுத்துக் குறிகளை விஞ்சலாகாது என்ற வரம்பு நெடுநாள் இருந்தது. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திக்குரிய 160 குறிகளில் 20 ஐ எழுதுவோர் பெயருக்கென ஒதுக்கியதனால் எழுந்த வரம்பு அது. 2017 இல் அந்நிறுவனத்தார் செய்திகளை மொழிவாரியாகப் பகுத்து நோக்கினர். ஆங்கிலச் செய்திகளில் 9 வீதமானவை வரம்பை முட்டி நின்றன. யப்பானிய மொழியில் 0.4 வீதமானவையே அவ்வாறு நின்றன. காரணம் வெளிப்படை. யப்பானியர் வழங்கும் எழுத்தொன்று ஒரு சொல்லையே தாங்க வல்லது. ஆங்கிலச் சொல்லுக்கோ எழுத்துப் பல வேண்டும். எல்லார்க்கும் ஒன்றாயிருந்த வரம்பு எல்லார்க்கும் ஒப்பாயிருக்கவில்லை. நம் மொழியின் நிலையும் ஈண்டு எண்ணத்தக்கது. 'தமிழ்' என்பது நம் கணக்கில் மூன்றெழுத்துச் சொல். யூனிக்கோட்டு முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்படுதலால் அஃது ஐந்து குறிகளாகும்.

அவ்வாண்டு செப்ரெம்பரில் ஒரு சிறு தொகையினர்க்கு மட்டும் வரம்பை 280 ஆக்கிப் பார்த்தனர். நவம்பரில், சீனம், யப்பானியம், கொரியம் ஒழிந்த மொழிகளுக்கு அதனைப் பொதுவாக்கினர். சோதனையின் தொடக்க நாள்களிற் பலர் புதுமை விருப்பால் இடம் முழுவதையும் நிரப்பி எழுதினர். அதனை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறியிருப்பின், சுருக்கம் என்னும் தளத்தின் இயல்பே அழியுமென அஞ்சிக் கைவிட நேர்ந்திருக்கும். பொறுத்து நோக்கியபோது, 140 ஐக் கடந்த செய்திகள் 5 வீதமளவாகவும், ஆங்கிலத்தில் வரம்பை முட்டியவை 1 வீதமாகவும் அமைந்தன. புதுமை மயக்கம் தணியுமுன் எடுத்த அளவு அளவாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, அளவையின் மயக்கம் அறிதல். இது மிக நுண்ணியது. ஆகலின் சற்று விரித்துரைப்பாம். 2009 ஆம் ஆண்டளவில் யூரியூப் தளத்தின் காணொளிப் பக்கம் 1.2 மெகாபைற்று அளவுக்குப் பருத்திருந்தது. அங்கு பொறியியலாளராயிருந்த கிறிஸ் சக்கரியாஸ் என்பார், அப்பக்கத்தை 100 கிலோபைற்றுக்குள் அடக்க முயன்று, தேவையற்றன களைந்து, 98 கிலோபைற்றளவில் அமைத்தார். இறகு எனப் பொருள்படும் 'பெதர்' என்பது அத்திட்டத்தின் பெயர். பார்வையாளருள் ஒரு பகுதியினர்க்கு அதனை வழங்கி, ஒரு வாரத்தின் பின் கணக்கெடுத்தபோது, வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. பக்கம் திறத்தற்கு ஆகும் சராசரி நேரம் குறையவில்லை; கூடியிருந்தது.

சுமையைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தும் வண்டி மெதுவாகச் சென்றது போன்ற இம்முரண்பாடு எங்ஙனம் விளைந்தது? கணக்கை நாடுவாரியாகப் பிரித்தபோது உண்மை துலங்கிற்று. தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, சைபீரியாவின் ஒதுக்கிடங்கள் ஆகியவற்றிலிருந்து வருவோர் தொகை பெருகியிருந்தது. அவ்விடங்களில் மெலிந்த இணைப்பினூடாகப் பழைய பக்கம் திறக்க 20 நிமிடத்துக்கு மேல் வேண்டும். அத்துணை நேரம் காத்திருப்பார் யாருமிலர்; ஆதலின் அவர்கள் பழைய கணக்கில் இடம்பெறவேயில்லை. புதிய பக்கம் அவர்க்கு இரண்டு நிமிடமளவிற் திறந்தது. அவர்கள் முதன்முறையாக உள்ளே வந்தனர்; அவர்தம் இரண்டு நிமிடங்கள் சராசரியை உயர்த்தின.

மாணவர்க்கு இதனை வகுப்பறைக் கணக்காற் காட்டலாம். இருபது மாணவர் பயிலும் வகுப்பின் சராசரிப் புள்ளி 60 எனக் கொள்வோம். வறுமையால் இடைவிலகிய ஐவர் மீண்டும் வந்து சேர்ந்து ஒவ்வொருவரும் 35 புள்ளி பெறுவாராயின், சராசரி 55 ஆகும். பழைய மாணவருள் ஒருவரேனும் பின்தங்கவில்லை; ஐவர் கல்வி பெற்றனர்; எனினும் ஏடு வீழ்ச்சியைக் காட்டும். அவ்வேட்டை மட்டும் நோக்கும் அதிகாரி, அவ்வைவரையும் வெளியேற்றுதலே வகுப்பைத் திருத்தும் வழியென மயங்கவுங் கூடும். இவ்வாறே, சராசரி ஒன்றையே நம்பும் முகாமையாளர் நல்ல திருத்தத்தைத் தீதெனத் தள்ளிவிடுவர்.

மூன்றாவது, பழக்கத்தின் வலிமையை மதித்தல். சினப்சற் என்னும் செயலியின் தோற்றம் 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2018 தொடக்கத்திற் பரவலாக மாற்றப்பட்டது. நண்பர்தம் செய்திகளையும் பதிவுகளையும் ஒருபுறமும், வெளியீட்டாளர் பதிவுகளை மறுபுறமும் வைத்துப் பிரித்தமை ஏரணப்படி நேரியதே. ஆயினும், பயன்கொள்வோர் கைவிரல் பழகிய இடத்திற் பழகிய பொருளைக் காணாது தடுமாறினர். பழைய அமைப்பை வேண்டிய முறையீட்டிற் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். நாள்தோறும் பயன்கொள்வோர் தொகை 2018 முதற் காலாண்டில் 19 கோடியே 10 இலட்சமாயிருந்து, அடுத்த காலாண்டில் 18 கோடியே 80 இலட்சமாயிற்று. அவ்வாண்டு மே மாதத்திலேயே நிறுவனத்தார் மாற்றத்தின் ஒரு பகுதியை மீட்டமைக்க வேண்டியதாயிற்று. பழக்கமும் ஒரு பயனே. அதனை விலையின்றி எடுத்துவிடலாமென எண்ணுதல் தவறு.

இவற்றினின்று முகாமையாளர் கைக்கொள்ளத்தக்க நெறி சில பெறப்படும். குறையைப் பகுத்துக் காண்க. திருத்தத்தைச் சிறு தொகையினரிடத்து முதலிற் சோதிக்க. பின்வாங்கும் வழியை அடைத்துவிடாதிருக்க. புதுமை தணிந்தபின் அளக்க. அளந்ததையும் இடம், மொழி, இணைப்பு, பழக்கம் என்பனவற்றாற் பிரித்து நோக்குக. இவையெல்லாம் தொழில்முறை. இவற்றின் அடியில் நிற்பது அறமுறை. முறையிடுவோர் குரல் முகாமையாளர் செவிக்கு எட்டும். விட்டு விலகியோர் ஏட்டில் ஓரளவு தெரிவர். வாயிலிலேயே நின்று திரும்பியோர் குரலுமிலர், எண்ணுமிலர். தொலைவிலும் வறுமையிலும் வாழ்வோரும், சிறு மொழி பேசுவோரும் பெரும்பாலும் இம்மூன்றாம் கூட்டத்தாரே. தம் கணக்கில் வாராத அம்மக்களையும் உளங்கொண்டு ஒரு வசதியைத் திருத்துவாரே அதனை மெய்யாகத் திருத்தினாராவர். முகாமைத் தொழிலை நாடும் நம் இளைஞர் இதனைத் தம் முதற்பாடமாகக் கொள்வாராக.