கியோட்டோவில் ஒரு படுக்கை: சிக்கனப் பயணி எங்கே தங்குவது?

2026 மார்ச் 1 முதல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தங்கும் வரி எகிறிவிட்டது. ஓர் இரவுக்கு 1,00,000 யென்னும் அதற்கு மேலும் வாடகை கொடுத்துத் தங்குபவர், தலைக்கு 10,000 யென் வரி கட்ட வேண்டும். அதற்கு முன்பு வரையிலான உச்சபட்ச வரியே 1,000 யென்தான். ஆனால், இரவுக்கு 6,000 யென்னுக்குள் தங்குபவருக்கு மட்டும் ஒரு யென்கூட ஏறவில்லை. 2018 அக்டோபரில் இந்த வரி முதன்முதலாக வந்தபோது அவர் கட்டிய அதே 200 யென்தான் இன்றைக்கும். ஒரு யென் நம் பணத்தில் 60 பைசாவை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 120 ரூபாய்.

ஹாஸ்டலில் தங்கி ஊர் சுற்றும் பயணிக்கு இதைவிடத் தெளிவான வரவேற்பு இருக்க முடியாது.

794-ல் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசர்கள் வாழ்ந்த தலைநகரம் கியோட்டோ. இந்த நகரிலும் அருகில் உள்ள உஜி, ஓட்சு ஊர்களிலுமாக 17 இடங்களை 1994-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024-ல் மட்டும் 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டினர் ஜப்பானுக்குள் வந்தார்கள். அவர்களில் பலர் எப்படியாவது கியோட்டோவை எட்டிப் பார்க்கத் துடிப்பவர்கள். நகரத்தின் மக்கள்தொகையோ சுமார் 14 லட்சம்தான். ஆனாலும், மலிவான படுக்கை கிடைக்குமா என்ற கவலை பெரும்பாலான நாட்களில் தேவையில்லை. இத்தனை கூட்டத்துக்காகவே நூற்றுக்கணக்கான சிறு விடுதிகள் முளைத்திருக்கின்றன. எந்தப் படுக்கையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முன்பதிவுத் தளத்தைத் திறந்ததும் ‘குறைந்த விலை முதலில்’ என்று வரிசைப்படுத்தி, மேலே வருவதை அப்படியே பதிவு செய்துவிடுகிறார்கள். வேறு எந்த ஊரில் இது சரிப்பட்டு வந்தாலும் கியோட்டோவில் வராது.

ஸ்டேஷன் முதலில், படுக்கை அப்புறம்

காரணம், நகரத்தின் போக்குவரத்து அமைப்பு. டோக்கியோவைப் போல மூலைக்கு மூலை சுரங்க ரயில் இங்கே கிடையாது. நகராட்சியின் சுரங்க ரயில் பாதைகள் இரண்டே இரண்டு. 1981-ல் தொடங்கிய கராசுமா பாதை வடக்கு தெற்காகவும், 1997-ல் வந்த டோசாய் பாதை கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. இவற்றோடு காமோ ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் கெய்ஹான் தனியார் ரயில், ஷிஜோ தெருவுக்கு அடியில் வரும் ஹான்கியூ ரயில், மேற்கே அராஷியாமாவுக்குப் போகும் ராண்டென் டிராம், ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாதைகள். ரயில் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

மீதி எல்லாவற்றுக்கும் பேருந்துதான். நகருக்குள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 230 யென். கேட்க மலிவாகத்தான் இருக்கும். ஆனால், சக்குரா எனும் செர்ரி மலர்கள் பூக்கும் நாட்களில் கியோட்டோ ஸ்டேஷன் வாசலில் இருந்து கோயில்கள் பக்கம் போகும் பேருந்துகளில் ஏற நீளமான வரிசை நிற்கும். ஏறிய பிறகும் வண்டி நெரிசலில் ஊர்ந்துதான் போகும். பால் வாங்கவும் மருத்துவமனைக்குப் போகவும் கிளம்பும் உள்ளூர் முதியவர்கள், பெட்டிகளோடு நிற்கும் பயணிகளுக்கு இடையில் ஏற முடியாமல் தவித்தது பெரிய பிரச்சினையாக வெடித்தது. அதனால்தான் 700 யென்னுக்கு நாள் முழுக்கச் சுற்றவைத்த பேருந்துப் பாஸின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நகராட்சி நிறுத்தியது. இப்போது கிடைப்பது, சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்து 1,100 யென் ஒருநாள் பாஸ். பயணிகளைப் பேருந்தில் இருந்து ரயிலுக்குத் திருப்ப வேண்டும் என்பதே நகரத்தின் எண்ணம். விடுதி தேடுபவரும் அதே வழியில் யோசிப்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரயில் எட்டாத இடத்தில் 2,800 யென்னுக்கு ஒரு படுக்கை. கெய்ஹான் பாதையின் சான்ஜோ ஸ்டேஷனில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் 3,500 யென்னுக்கு இன்னொன்று. வித்தியாசம் 700 யென். முதல் விடுதியில் இருந்து தினமும் போய்வரப் பேருந்துக்கு 460 யென் போய்விடும். மிச்சமாகும் 240 யென்னுக்காக, காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் கழியும். மூன்று நாள் பயணத்தில் அது ஏறக்குறைய அரை நாள். இத்தனை செலவு செய்து ஜப்பான் வரை போனவருக்கு அரை நாளின் மதிப்பு 720 யென்தானா?

பகுதி வாரியாகப் பார்த்தால் தேர்வு எளிது. இரவில் வந்து இறங்குபவர்கள், நாரா, ஒசாகா என்று வெளியூர் போய்வர நினைப்பவர்கள் கியோட்டோ ஸ்டேஷன் பக்கம் தங்கலாம். 2003-ல் இந்த நகரில் தொடங்கிப் பின்பு பல ஊர்களுக்கும் பரவிய ‘கே’ஸ் ஹவுஸ்’ ஹாஸ்டல், ஸ்டேஷனில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். மாலை நேரக் கடைவீதி, நிஷிகி சந்தை, கியோன் தெருக்கள் ஆகியவற்றை நடந்தே பார்க்க விரும்புபவர்களுக்கு ஷிஜோ, சான்ஜோ, கவாரமாச்சி வட்டாரம் பொருத்தம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது கோஜோ. சுரங்க ரயிலில் கியோட்டோ ஸ்டேஷனுக்கு அடுத்த நிறுத்தம்; வாடகையும் சற்று இறங்கி இருக்கும். 2015-ல் திறந்த ‘லென்’ ஹாஸ்டல் இந்தப் பக்கம்தான். தரைத்தளத்தில் காபிக் கடையும் மதுக்கூடமும் உண்டு என்பதால், தனியாக வருபவருக்கு மாலையில் பேச்சுத்துணை கிடைக்கும்.

வடமேற்கில் உள்ள உதானோ யூத் ஹாஸ்டல் வேறு ரகம். நின்னா-ஜி, ரியோஆன்-ஜி கோயில்கள் பக்கத்திலேயே. மரங்களும் அமைதியும் நிறைந்த இடம். ஆனால், கியோட்டோ ஸ்டேஷனில் இருந்து பேருந்தில்தான் நெடுநேரம் போக வேண்டும். நிதானமாக ஒரு வாரம் தங்குபவருக்கு அது வரம். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்கத் துடிப்பவருக்கு அலைச்சல்.

‘ஒசாகாவில் தங்கிக்கொண்டு போய்வரலாமே’ என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. ஜே.ஆர். விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். கியோட்டோவில் இடமே கிடைக்காத நாட்களுக்கு அது சரியான மாற்று. பத்தே நிமிடத்தில் எட்டும் ஓட்சுவும் அப்படியே. ஆனால், கியோட்டோவின் நல்ல நேரம் விடிகாலை. ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாயில்கள் மலையேறும் ஃபுஷிமி இனாரி ஆலயம் இரவும் பகலும் திறந்தே இருக்கிறது, கட்டணமும் இல்லை. கியோமிசு-தேரா கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. சுற்றுலாப் பேருந்துகள் வரும் முன் இந்த இரண்டையும் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள், கெய்ஹான் பாதையை ஒட்டித் தங்கி இருப்பவர்கள்தான்.

எந்த மாதிரிப் படுக்கை?

சிக்கன விடுதிகளில் பல வகை உண்டு. முதலாவது டார்மெட்ரி. ஓர் அறையில் நான்கு முதல் பத்துப் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில். ஜப்பானில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை, தலைமாட்டில் விளக்கு, செல்போன் சார்ஜ் செய்ய பிளக் என்று ஒழுங்காக இருக்கும். பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல ஹாஸ்டல்களில் தனியாக உண்டு. தனியாகப் பயணிக்கும் பெண்கள் அதைத் தேடிப் பதிவு செய்யலாம்.

அடுத்தது கேப்சூல். கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைப்பில் 1979-ல் ஒசாகாவில் பிறந்த யோசனை. ரயிலின் அப்பர் பெர்த்தைச் சுவர்களால் மூடி, கால்மாட்டில் திரை போட்டால் எப்படியோ, அப்படி. கியோட்டோவில் 2009-ல் ‘நைன் அவர்ஸ்’ நிறுவனம் தெராமாச்சியில் ஒன்றைத் திறந்தபோது, குளிக்க ஒரு மணி, தூங்க ஏழு மணி, தயாராக ஒரு மணி என்று ஒன்பது மணி நேரத்தையே பெயராக வைத்தது. ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: கேப்சூலுக்குப் பூட்டு கிடையாது. பாஸ்போர்ட்டும் பணமும் லாக்கரில்தான் இருக்க வேண்டும். பெரிய சூட்கேஸ் அந்த லாக்கரில் நுழையாது. ஆண்களுக்கு மட்டுமான கேப்சூல் விடுதிகளும் உண்டு. பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வகைதான் கியோட்டோவுக்கே உரியது: மாச்சியா. தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாகவும், உள்ளே போகப்போக நீண்டும் இருக்கும் பழைய மர வீடுகள். மரச் சட்டங்களாலான பின்னல் ஜன்னல், நடுவே வானம் தெரியும் சின்னத் தோட்டம், பாய் விரித்த அறை, அதன் மேல் ஃபுதோன் மெத்தை. நகராட்சி 2008-09-ல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 47,700 மாச்சியாக்கள் இருந்தன. 2016 கணக்கெடுப்பில் 40,100 என்று இறங்கிவிட்டன. இடிபடக் காத்திருந்த வீடுகள் சில, விருந்தினர் இல்லங்களாக மாறியதால் பிழைத்திருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் ஓர் இரவாவது தங்குவது, கோயில் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால், மாடிப்படி ஏணியைப் போலச் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெற்றோரோடு போகிறவர்கள் தரைத்தள அறை கேட்டு வாங்க வேண்டும். ஜனவரியில் இரவு வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரிக்கு இறங்கும் ஊர் இது. கோடையின் புழுக்கத்தை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் என்பதால், குளிர் உள்ளே நுழைந்துவிடும். அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

குடும்பத்தோடு போகும் நால்வர், நான்கு டார்மெட்ரி படுக்கைகளின் மொத்த வாடகையை அதே ஹாஸ்டலின் தனி அறை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தனி அறையே மலிவாக முடிவதும் உண்டு.

குளியலும் சமையலும்

சிறு விடுதிகளில் குளியலறை பொதுவானது; இருபது பேருக்கு இரண்டு ஷவர் என்பதும் சாதாரணம். அந்த நெருக்கடிக்கு ஊரே ஒரு தீர்வு வைத்திருக்கிறது. தெருக்களில் இன்னும் இயங்கும் செந்தோ என்ற பொதுக் குளியலகங்கள்தான் அது. சுமார் 500 யென் கொடுத்தால் ஆவி பறக்கும் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்காரலாம். 1923-ல் தொடங்கிய ஃபுனாவோகா குளியலகத்தில் உடை மாற்றும் அறையின் மரச் செதுக்கல்களையும் வண்ண ஓடுகளையும் பார்க்கவே போகலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். உடையின்றித்தான் இறங்க வேண்டும். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை அலசிய பிறகே தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். துண்டு நீரில் படக் கூடாது. கூச்சப்படுபவர்கள், விடுதியில் போதுமான ஷவர்கள் உண்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சைவர்களுக்குச் சமையலறை இன்னும் முக்கியம். ஜப்பானில் காய்கறிச் சூப்பிலும் உடான் நூடுல்ஸிலும்கூட உலர்ந்த மீனில் எடுத்த தாஷி சாறு சேர்ந்திருக்கும். புத்த மடாலய உணவான ஷோஜின் ரியோரி முழுச் சைவம். ஆனால், தினமும் சாப்பிடும் விலையில் இல்லை. ஆகவே ஹாஸ்டலின் அடுப்பங்கரையே துணை. விளம்பரத்தில் ‘கிச்சன் உண்டு’ என்று மட்டும் இருந்தால் போதாது. படங்களில் அடுப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மைக்ரோவேவும் கெட்டிலும் ஃபிரிட்ஜும் மட்டுமே வைத்துவிட்டு அதையே கிச்சன் என்று சொல்லும் விடுதிகள் உண்டு. அடுப்பு இருந்தாலும் கடுகும் மிளகாயும் போட்டுத் தாளிப்பது வேண்டாம். மூடிய கூடத்தில் அந்த நெடி மாடிவரை போகும். புகை எச்சரிக்கை மணியும் அலறலாம். சோறு, தயிர், ஊறுகாய், வெந்த காய்கறி என்று முடித்துக்கொள்வது நல்லது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். செல்போன் சார்ஜர் ஓர் அடாப்டரோடு வேலை செய்யும். இங்கிருந்து கொண்டுபோகும் ரைஸ் குக்கர் வேலைக்கு ஆகாது.

காலம் பார்த்தால் காசு மிஞ்சும்

ஒரே படுக்கை, ஒரே அறை. பிப்ரவரியில் ஒரு விலை, ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தின் சக்குரா. ஏப்ரல் இறுதியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறை. ஜூலை 17, 24 தேதிகளில் தேர் ஊர்வலம் வரும் கியோன் திருவிழா. ஆகஸ்ட் 16 அன்று மலைகளில் தீ எரியும் ஓகுரிபி. நவம்பர் பிற்பாதியின் செவ்விலைக் காலம். விலை உச்சம் தொடும் நாட்கள் இவை. சனிக்கிழமை இரவுகளும் அப்படித்தான். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிவரை விலை தரையில் இருக்கும். கோயில்களிலும் கூட்டம் குறைவு.

பதிவு செய்வதற்கு முன் உரிமத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வீடுகளை வாடகைக்கு விடுவதற்கான சட்டம் ஜப்பானில் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கியோட்டோ இன்னும் கறார்: முழுக்கக் குடியிருப்பாக உள்ள பகுதிகளில் இந்தச் சட்டத்தின் கீழ் வீடுகளை விடப் பொதுவாக ஜனவரி நடுவில் இருந்து மார்ச் நடுவரை மட்டுமே அனுமதி. உரிமம் அல்லது பதிவு எண் இல்லாத இடத்தைத் தொடவே வேண்டாம். வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்தால் தயங்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணிகளிடம் அதைக் கேட்பது அங்குள்ள நடைமுறை. செக்-இன் பெரும்பாலும் மதியம் 3 அல்லது 4 மணிக்குத்தான் தொடங்கும். சிறிய இல்லங்களில் இரவு 9, 10 மணிக்கே வரவேற்பு மூடிவிடும். தாமதமாகப் போய்ச் சேர்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடுதியை ஒட்டிய சுவருக்கு அப்பால், மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். இரவு 11 மணிக்குச் சந்துக்குள் சூட்கேஸைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகாமல், தூக்கிக்கொண்டு போங்கள். அந்தத் தெருவில் ஹாஸ்டல் தொடர்ந்து நடப்பதற்கு அக்கம்பக்கத்தாரின் பொறுமைதான் ஆதாரம்.

சக்குரா பார்க்கப் போவதாக இருந்தால், முந்தைய நவம்பரிலேயே படுக்கையைப் பதிவு செய்துவிடுங்கள். கட்டணமின்றி ரத்து செய்யும் வசதி உள்ளதாக, ஒரு ரயில் நிலையத்தில் இருந்து பத்து நிமிட நடையில் இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டும் அமைந்த பிறகு விலையைப் பாருங்கள்.