மூட்டு வலி மாத்திரை: எத்தனை நாள்?

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. அங்கே எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். இட்லி வியாபாரம் செய்கிறார். விடியற்காலை 3 மணிக்கே எழுந்து விடுவார். அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து இட்லி அவிப்பார். 6 மணிக்குக் கூடையோடு கிளம்புவார். இருபது வருடமாக இதே வேலை.

அவருக்கு முழங்கால் வலி வந்தது. மடக்கிய காலை நீட்ட முடியவில்லை. நீட்டிய காலை மடக்க முடியவில்லை. டாக்டரிடம் போனார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாளில் வலி குறைந்தது. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு என்ன செய்தார்? காலி அட்டையைக் கடையில் காட்டினார். அதே மாத்திரையை வாங்கினார். எட்டு மாதம் இப்படியே சாப்பிட்டார். அதுவும் வெறும் வயிற்றில், டீயோடு.

ஒரு நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் தலை சுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்திருந்தது. அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். நல்ல வேளை, பிழைத்துக் கொண்டார்.

அந்த மாத்திரை கெட்ட மாத்திரையா? இல்லை. சாப்பிட்ட விதம்தான் தவறு.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் டாக்டர்கள் சில மாத்திரைகள் தருவார்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் என்பவை அவற்றில் சில.

நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. அது மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும். அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரைப் புளிப்பு நீர் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவும் உதவுகிறது.

மாத்திரை இந்தப் பொருளைக் குறைக்கிறது. அதனால் மூட்டு வலி குறைகிறது. கூடவே வயிற்றுக்கு இருந்த காவலும் குறைகிறது. ஆஸ்பிரின் மாத்திரை இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன். அவருக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்த மாத்திரை வலியைத்தான் குறைக்கும். தேய்ந்த மூட்டை வளர வைக்காது.

சீட்டைப் படியுங்கள்

டாக்டர் எழுத்து புரியவில்லையா? கவலை வேண்டாம். எண்களைப் பாருங்கள். 1-0-1 என்று இருக்கிறதா? காலையில் 1, மதியம் இல்லை, இரவில் 1 என்று அர்த்தம். பக்கத்தில் எத்தனை நாள் என்றும் எழுதியிருக்கும். அந்த நாள் முடிந்தால் மாத்திரையும் முடிந்தது. வலி இருந்தால் திரும்ப டாக்டரிடம் போங்கள். கடைக்குப் போகாதீர்கள்.

அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா? டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. கடைசித் தேதியையும் பாருங்கள். அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்

முன்பு வயிற்றுப் புண் வந்ததா? ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா இருக்கிறதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? குடிப் பழக்கம் உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள். வயது 60-ஐத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம்.

சாப்பிடும் முறை

1. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டாலும், அதிக நாள் சாப்பிட்டால் புண் வரலாம்.

2. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை உடைக்காதீர்கள், பொடி செய்யாதீர்கள்.

3. ஒரு வேளை மறந்து விட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சாப்பிடாதீர்கள்.

4. இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். உள்ளே மருந்து ஒன்றாகவே இருக்கலாம்.

5. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குத் தராதீர்கள்.

7. வாந்தியோ பேதியோ இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சிறுநீரகம் கெட்டுப் போகலாம்.

உடனே நிறுத்துங்கள்

மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? வாந்தியில் ரத்தமோ, காப்பித்தூள் போலவோ வருகிறதா? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருக்கிறதா? மாத்திரையை நிறுத்துங்கள். 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், உடம்பில் தடிப்பு வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை மட்டும் போதுமா?

போதாது. முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி நல்ல மருந்து. நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டுங்கள். 5 எண்ணும் வரை அப்படியே வையுங்கள். மெல்ல இறக்குங்கள். இரண்டு காலுக்கும் 10 தடவை செய்யுங்கள். உடல் எடையைக் குறைப்பதும் முழங்காலுக்கு நல்லது. குந்தி உட்காருவதைக் குறையுங்கள்.

மருந்துச் செலவு அதிகமா? மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே விலை குறைவு.

பெரியம்மா இப்போது நலமாக இருக்கிறார். அடுப்பை மேடை மேல் வைத்து, நின்றபடி இட்லி அவிக்கிறார். மாலையில் என் வகுப்புக்கும் வருகிறார். எண்கள் படிக்கக் கற்றுக் கொண்டார். ஒரு நாள் அந்தப் பழைய சீட்டைக் கொண்டு வந்தார். அதில் விரல் வைத்துப் படித்தார்.

"ஒன்று, சைபர், ஒன்று... பத்து நாள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, இந்தப் பத்து அன்னைக்கே இதுல இருந்துச்சா?"

பேசிப் பாருங்கள்

1. 1-1-1 என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?

2. மலம் கறுப்பாகப் போனால் என்ன செய்ய வேண்டும்?

3. உங்கள் வீட்டில் உள்ள மருந்துச் சீட்டை எடுங்கள். எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது?