ஹைதராபாத் திரை ஆலை: ஏழு மைக்ரோ நொடிக் கணக்கு

டிஸ்ப்ளே ஆலைகளுக்கான ஒன்றிய அரசின் மானியத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கெடு 2024 டிசம்பரோடு முடிந்தது. அதையொட்டி, ‘ஹைதராபாத்துக்கு ஓர் ஆலை வருகிறது என்றார்களே, அது என்னாயிற்று?’ என்று வந்த கடிதங்களில் பாதி, அதைச் சிப் ஆலை என்று நினைத்து எழுதியவை.

சிப் அல்ல, திரை. 2022 ஜூன் 12 அன்று தெலங்கானா அரசும் தங்க வணிகத்தில் பேர்போன ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸும் 24,000 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. (புரிந்துணர்வு ஒப்பந்தம்: கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டதற்கான அத்தாட்சி.) ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸின் துணை நிறுவனமான எலெஸ்ட், ‘ஆறாம் தலைமுறை’ அமோலெட் திரைகளை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) செய்யும் என்றார்கள். இந்தத் தலைமுறை எண்ணைத் தரமென்று நம்பிவிடாதீர்கள். அது கண்ணாடித் தகட்டின் அளவு: 1.5 மீட்டருக்கு 1.85 மீட்டர்.

அப்படியென்ன கஷ்டம் ஒரு திரையில்?

1080க்கு 2400 பிக்சல் உள்ள ஃபோன் திரையை எடுத்துக்கொள்வோம். பிக்சலுக்கு இரண்டு ஒளிப்புள்ளி என்றாலும் 51 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுக்க முடியாது. அதனால் கிடைக்கம்பி 2400, நெடுக்கம்பி 2160. ஒரு நேரத்தில் ஒரு வரிசை மட்டும் திறக்கும், அந்த வரிசைப் புள்ளிகளுக்கான மின்னழுத்தம் நெடுக்கம்பிகள் வழியே இறங்கும், வரிசை மூடும். நொடிக்கு 60 முறை முழுத்திரையும் புதுப்பிக்க வேண்டுமென்றால், ஒரு வரிசைக்குக் கிடைப்பது ஏழு மைக்ரோ நொடிகூட இல்லை.

வரிசை மூடிய பிறகு புள்ளி எப்படி எரிந்துகொண்டே இருக்கிறது? ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டி மின்தேக்கி. அதில் தேங்கிய மின்னேற்றம், பக்கத்து டிரான்சிஸ்டரின் வாசலில் உட்கார்ந்து, எவ்வளவு மின்னோட்டம் விடலாம் என்று ஆள்கிறது. அடுத்த சுற்று வரும்வரை அது கசியக் கூடாது.

வில்லங்கம் அந்த டிரான்சிஸ்டரில்தான். கண்ணாடிமேல் படிந்த சிலிக்கானை லேசரால் உருக்கிப் படிகமாக்குகிறார்கள்; படிகங்கள் ஒரே அளவில் அமைவதில்லை. அதனால் ஒரே மின்னழுத்தம் கொடுத்தாலும் ஒரு புள்ளி கூடுதலாக எரியும், பக்கத்துப் புள்ளி மங்கும். இருட்டறையில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, கருஞ்சாம்பல் படமொன்றைத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். மலிவான திரைகளில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

இதற்குக் கண்டுபிடித்த வழியைத்தான் நான் வியக்கிறேன். ஒவ்வொரு புள்ளியும் முதலில் தன் டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் விழிக்கிறது என்பதைத் தானே அளந்து மின்தேக்கியில் வைத்துக்கொள்கிறது. படத்துக்கான மின்னழுத்தம் அதன்மேல் கூட்டப்படுகிறது. குறை அங்கேயே கழிந்துவிடும். விலை: புள்ளிக்குப் பெரும்பாலும் ஏழு டிரான்சிஸ்டர். ஒரு ஃபோனுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். கட்டடமும் கண்ணாடியும் பணத்தால் வரும். இத்தனை கோடி டிரான்சிஸ்டரும் பழுதின்றி அமைய, பல ஆண்டுக் கைப்பழக்கம் வேண்டும். அது யாரிடமிருந்து வரும் என்பதே நான் கேட்கும் கேள்வி.

கிண்டில் திரையும் இப்படியா?

கட்டம் இதேதான், ஆனால் அங்கே மின்புலம், மின்னேற்றம் பெற்ற கருப்பு வெள்ளைத் துகள்களைத் தள்ளுகிறது, தள்ளிய இடத்தில் அவை மின்சாரமின்றியே நிற்கும்.

ஒன்றிய அரசின் மானியம் எவ்வளவாக இருந்தது?

திட்டச் செலவில் பாதி, ஒப்புதல் கிடைத்தால்.

யாருக்குக் கிடைத்தது?

சிப், டிஸ்ப்ளே மானியத் திட்டங்களில் 2024 டிசம்பர்வரை ஒப்புதல் பெற்ற ஐந்தும் சிப் சார்ந்தவை. நான்கு குஜராத்தில், ஒன்று அசாமில்.