எந்தத் துகள், எங்கிருந்து?

ஊசி மருந்துக் குப்பியைக் கறுப்புப் பலகைக்கு முன் ஐந்து நொடி, வெள்ளைப் பலகைக்கு முன் ஐந்து நொடி மெல்லச் சுழற்றிப் பார்ப்பார்கள். கறுப்பில் வெள்ளை நாரும் கண்ணாடிச் சில்லும் பளிச்சிடும். வெள்ளையில் கருநிற ரப்பர்த் துணுக்கு தெரியும். சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டையில் ஊசி மருந்து நிரப்பினாலும் ஐரோப்பாவில் நிரப்பினாலும் அடிப்படைச் சோதனை இதுதான். கண்ணுக்குத் தப்பும் துகள்களைக் கருவி எண்ணும். சிறு குப்பி ஒன்றில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 6,000-ஐயும், 25 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 600-ஐயும் தாண்டக் கூடாது. நம் உடலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் 5 முதல் 10 மைக்ரான் அகலமே உள்ளவை. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

எண்ணிக்கை மட்டும் போதாது. துகள் எதனால் ஆனது என்று தெரியாமல் குப்பியை ஒதுக்கினால், அடுத்த குப்பியிலும் அதுவே வரும்.

மருந்தை வடிகட்டித் துகளைத் தனியே பிடித்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கத் தகடுகளுக்கு நடுவே பருத்தி நார் ஒளிரும், கண்ணாடி இருண்டே இருக்கும். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அகச்சிவப்பு ஒளி காட்டிக்கொடுக்கும். அதற்கும் எட்டாத, ஓரிரு மைக்ரான் அளவுள்ள துகளுக்கு ராமன் நுண்ணோக்கி உண்டு. லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டது இது. நோபல் பரிசு பெற்ற கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். மருந்துக் குப்பிக்குள் அது இன்றும் உழைப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலோகத்திடம் மட்டும் ராமன் முறை பலிக்காது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வும் வேண்டும்.

2021 ஆகஸ்டில் ஜப்பானில் மாடர்னா கொரோனா தடுப்பூசிக் குப்பிகள் சிலவற்றில் துகள்கள் தென்பட்டன. ஸ்பெயினில் நிரப்பிய குப்பிகள் அவை. சுமார் 16 லட்சம் டோஸ்கள் நிறுத்தப்பட்டன. பகுப்பாய்வில் துகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று தெரிந்தது. இரும்பு, குரோமியம், நிக்கல், மாலிப்டினம் கலந்த இந்த எஃகில்தான் மருந்து ஆலை எந்திரங்கள் பலவற்றைச் செய்கிறார்கள். ஆகவே தேடல் எந்திரத்தின் பக்கம் திரும்பியது. குப்பிக்கு மூடி பொருத்தும் பகுதியில் தவறாக அமைத்த இரண்டு உலோகப் பாகங்கள் உரசியதே பெரும்பாலும் காரணம் என அறிவித்து, மூன்று தொகுதிகளைத் திரும்பப் பெற்றார்கள்.