கடைக்கோடியில் ஓர் அறிவியல் களஞ்சியம்

இங்கிலாந்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் கால் நீட்டியதுபோல ஒரு நிலப்பகுதி தெரிகிறதல்லவா? அதுதான் கார்ன்வால் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு. நாட்டின் கடைக்கோடியில் அப்படி என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

மணலில் ஓர் உலோகம்

வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார் 1791ஆம் ஆண்டில் மனாக்கன் என்னும் ஊரில் கிடைத்த கறுப்பு மணலை ஆராய்ந்தார். காந்தம் அதை ஈர்த்தது. எனவே அதில் இரும்பு உண்டு. ஆனால், இரும்பைப் பிரித்த பின்பும், அன்று அறியப்பட்ட எதனோடும் ஒத்துவராத ஓர் ஆக்சைடு எஞ்சியது. புதிய உலோகம் ஒன்று அதில் இருக்க வேண்டும் என்றார் அவர். 1795இல் ஜெர்மன் வேதியியலார் கிளாப்ராத் வேறொரு கனிமத்தில் அதே உலோகத்தைக் கண்டு, டைட்டானியம் எனப் பெயரிட்டார். இன்று விமானங்கள் செய்ய உதவும் உலோகம் இதுவே. அந்தக் கறுப்பு மணல் இல்மனைட் ஆகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இது கிடைக்கிறது!

கடலுக்கு அடியில்

கார்ன்வாலின் அடியில் கிரானைட் பாறை உள்ளது. பாறைக் குழம்பு குளிர்ந்து இறுகிய காலத்தில், அதன் பிளவுகளில் ஏறிய சுடுநீர் வெள்ளீயத் தாதுவையும் செம்புத் தாதுவையும் படியவைத்தது. அவற்றைத் தேடிய மக்கள் கடலுக்கு அடியிலும் தோண்டிச் சென்றார்கள். லெவன்ட் என்ற சுரங்கம் கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடலடியில் நீண்டது.

ஆழம் கூடக்கூட நீர் சுரக்கும். அதை இறைக்க நீராவி எந்திரம் தேவைப்பட்டது. இத்தகைய சுரங்கங்களிடையே வளர்ந்தவர்தான் ரிச்சர்ட் டிரெவிதிக். மிகுந்த அழுத்தமுள்ள நீராவியைப் பயன்படுத்தினால் எந்திரத்தின் உருவம் சிறுக்கும் என்று அவர் கண்டார். சிறுத்த எந்திரத்தைச் சக்கரங்களின் மேல் ஏற்றலாம் அல்லவா? 1801ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், கேம்போர்ன் நகரின் மேட்டுச் சாலையில் அவருடைய நீராவி வண்டி ஆட்களைச் சுமந்து ஏறியது!

சுரங்கத்துக்குள் தொழிலாளர் ஏறி இறங்கவும் ஒரு பொறி இருந்தது. படிகள் பொருத்திய நீண்ட மரத்தண்டை நீராவி எந்திரம் மேலும் கீழும் அசைக்கும். தண்டு உயரும்போது அதன் படியில் நின்று ஏறி, சுவரில் உள்ள தட்டுக்குத் தாவி, அடுத்த அசைவுக்குக் காத்திருக்க வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று, லெவன்ட் சுரங்கத்தில் அத்தண்டை எந்திரத்தோடு இணைத்த உலோகப் பாகம் முறிந்தது. வேலை முடித்து ஏறிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டனர். ஓர் இணைப்பின் உறுதியில் எத்தனை உயிர்கள் தொங்குகின்றன என்பதைப் பொறியியல் படிக்க விரும்பும் நீங்கள் மறக்கக்கூடாது.

செய்தி கடந்த வாயில்

பெருங்கடலை எட்டிநிற்கும் நிலம் செய்தித் தொடர்புக்கும் ஏற்றது. 1870இல் போர்த்கர்னோ கடற்கரையில் இறங்கிய கம்பிவடம், கடலடி வழியாகப் பம்பாய் வரை தந்தித் தொடர்பை ஏற்படுத்தியது. கப்பலில் வாரக் கணக்கில் பயணம் செய்த செய்தி சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது!

1901 டிசம்பர் 12 அன்று போல்டூ என்னும் இடத்திலிருந்து புறப்பட்ட கம்பியில்லாச் சைகையை, சுமார் 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், நியூபவுண்ட்லாந்தில் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். பூமியோ உருண்டை, அலைகளோ நேர்கோட்டில் செல்பவை. பின் எப்படி? வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலம் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது என்பது பின்னரே உறுதியாயிற்று. அருகிலுள்ள கூன்ஹில்லியில் 1962 ஜூலையில் ஒரு மாபெரும் கிண்ண ஏரியல், டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியே அமெரிக்கத் தொலைக்காட்சிப் படங்களைப் பெற்றது.

இச்சுரங்கப் பகுதிகளை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். கறுப்பு மணல் தென்பட்டால் அதன் அருகே காட்டுங்கள். கிரிகரின் ஆராய்ச்சியும் இப்படித்தான் தொடங்கியது!