உங்க பாட்டி பிறந்த வருஷம் சூரியன் எப்படி இருந்தது? கொடைக்கானல்ல ஆல்பமே இருக்கு!

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஓடிப்போய் ஜன்னல் சீட் பிடிப்போம். தலை சுத்தாமல் இருக்க பாக்கெட்டில் எலுமிச்சம்பழம். காட் ரோடு ஏறியதும் கை தானாகவே போனை எடுக்கும். மேலே போனால் ஏரி, கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ், ஹோம்மேட் சாக்லேட். திரும்பி இறங்கும்போது போனில் 400 போட்டோ இருக்கும். அடுத்த வருஷம் போன் மாத்தும்போது அதில் எத்தனை மிஞ்சும்னு உங்களுக்கே தெரியும்.

அதே மலையில், 120 வருஷமா ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப போட்டோ எடுத்து, பத்திரமா வெச்சிருக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அந்த ஆள் சூரியன். இடம், கொடைக்கானல் சூரிய ஆய்வகம். பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையத்தின் கீழ் அது இயங்குகிறது. அங்கே இருக்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்கள் டிஜிட்டல் ஆகி, இன்டர்நெட்டில் உலகத்துக்கே திறந்து விடப்பட்டிருக்கின்றன.

'சூரியன் தினமும் ஒரே மாதிரிதானே இருக்கு, இத்தனை போட்டோ எதுக்கு?' நானும் அப்படித்தான் நினைச்சேன்.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம்

1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்துப் போனார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். மிச்சி ஸ்மித் என்ற விஞ்ஞானி கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-ல் அடிக்கல் நாட்டி, 1899 ஏப்ரல் 1-ம் தேதி ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. இன்னிக்கு நாம பஸ்ஸில் ஏறும் காட் ரோடு அப்போ கிடையாது. ஆட்களும் குதிரைகளும் மலைப்பாதையில் ஏறிய காலம் அது.

மழை ரகசியம் அவர்கள் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. ஆனால் படம் எடுக்கும் பழக்கம் நிற்கவில்லை. 1904 முதல் சூரியனின் முழு வட்டத்தையும் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, அதிலும் தனியாக ஒரு படம். போதாததுக்கு, கட்டம் போட்ட தாளில் புள்ளிகளையும் சுடர்களையும் கலர் கலராகக் கையால் வரைந்து வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் மூணு தலைமுறை இந்த வேலையைப் பார்த்திருக்காங்கன்னா பார்த்துக்கோங்க!

கேள்வி அப்புறம்தான் வந்தது

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். 1904-ல் அந்தக் கால்சியம் படங்களை எடுத்தவர்களுக்குச் சூரியனில் காந்தப்புலம் இருப்பதே தெரியாது. 1908-ல்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் எல்லரி ஹேல் அதைக் கண்டுபிடித்தார். கால்சியம் ஒளியில் பளிச்சென்று தெரியும் பகுதிகள், காந்தப்புலம் வலுவாக இருக்கும் இடங்கள் என்பது பிறகு புரிந்தது. விளைவு? காந்தப்புலத்தை நேரடியாக, தினமும் அளக்கும் கருவிகள் வராத காலத்தில் அது எப்படி இருந்தது என்பதை இந்தப் பழைய தட்டுகளில் இருந்து இப்போது கணிக்கிறார்கள். எடுத்தவருக்கே தெரியாத கேள்விக்குப் பதில் அவர் எடுத்த படத்தில் இருந்திருக்கு!

இதில் உங்க போனுக்கு என்ன சம்பந்தம்? சூரியனில் காந்தப்புலம் முறுக்கேறி வெடித்தால் சூரியப் புயல். 1989 மார்ச்சில் ஒரு புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே சுமார் 9 மணி நேரம் இருட்டாக்கியது. 2022 பிப்ரவரியில், பெரிசுன்னு சொல்ல முடியாத ஒரு புயலிலேயே, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை காலி. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. ஜி.பி.எஸ், விமானத் தொடர்பு, மின் கட்டமைப்பு எல்லாமே இந்தப் புயல்களுக்குப் பயப்பட வேண்டியவை. சூரியன் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அந்தத் தாளத்தைப் புரிந்துகொள்ள ஒரு சுற்று போதாது, பல சுற்று வேணும். ஆதித்யா எல்-1 விண்ணில் கிளம்பியதே 2023 செப்டம்பரில்தான். அதுக்கு முந்தின நூறு வருஷத்துக்கு எங்கே போவது? கண்ணாடித் தட்டுகிட்டதான் போகணும்.

ஸ்கேன் பண்ணா முடிஞ்சதா?

சொந்தக்காரர் கல்யாண போட்டோ வாட்ஸ்அப்பில் வருது. சேவ் பண்றீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அது எந்தத் தேதி, எந்த ஊர், எந்த கேமரா? எதுவும் இருக்காது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போதே இந்த விவரங்களையும் கழற்றி விட்டுடும். அறிவியலில் இப்படி ஆனா அந்தப் படம் வெறும் வால்பேப்பர்தான்.

அதனால்தான் ஒவ்வொரு தட்டையும் ஒரே சீரான வெளிச்சத்தின் மேல் வைத்து, 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட கேமராவால் படமாக்கினார்கள். வானியலுக்கென்றே ஃபிட்ஸ் என்று ஒரு ஃபைல் வகை இருக்கிறது. எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கருவி என்ற குறிப்பெல்லாம் படத்தோடு சேர்ந்தே பயணிக்கும்.

இதில் நேரம் மட்டும் பெரிய தலைவலி. இந்தியாவுக்கென்று பொது நேரம் வந்ததே 1906-ல்தான். அதற்கு முந்தைய குறிப்பில் காலை 8 மணி என்று இருந்தால், அது யாருடைய 8 மணி? இந்திய நேரமா, கிரீன்விச் நேரமா என்ற குழப்பத்தில் ஐந்தரை மணி நேரம் பிசகினால், சூரியன் சுழலும் வேகத்துக்கு ஒரு கரும்புள்ளி சுமார் 3 டிகிரி தள்ளிப் போய்விடும். படத்தின் வடக்கு எது என்பதிலும் சிக்கல். இப்படி நேரத்திலும் திசையிலும் இருந்த பிழைகளை, படங்களைத் தரவிறக்கிப் பயன்படுத்திய ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். பீரோவில் பூட்டி வெச்சிருந்தா இந்தத் தப்பு யார் கண்ணுலயும் பட்டிருக்காது.

இன்னொரு பிரச்னை, மேகம். வடகிழக்குப் பருவமழையில் கொடைக்கானலில் சூரியனைப் பார்ப்பதே அதிர்ஷ்டம். அந்த நாட்களின் ஓட்டையை கலிபோர்னியாவின் மவுன்ட் வில்சன், பாரிஸ் அருகில் இருக்கும் மூடோன் போன்ற ஆய்வகங்களின் படங்களால் அடைக்கலாம். அங்கே மேகம் மூடிய நாளுக்கு நம்ம படம். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி ஃபைல், ஒரே மாதிரி குறிப்பு வெச்சிருந்தாதான் இது நடக்கும். முப்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளை இப்படி ஒன்றாகக் கோத்து, சூரியனின் நூறு வருஷ வரலாற்றையே ஒரே கோட்டில் வரைந்திருக்கிறார்கள்.

இதுக்கெல்லாம் சர்வர் வேணும், பிழை திருத்த ஆள் வேணும், வருஷா வருஷம் பணம் வேணும். புதிய தொலைநோக்கி திறந்தால் ரிப்பன் வெட்டலாம். பழைய படத்தின் தேதியைத் திருத்தினதுக்கு யார் ரிப்பன் வெட்டுவாங்க? கண்டுபிடிப்பை எழுதியவருக்குக் கிடைக்கும் பேர், டேட்டாவைத் துடைத்து அடுக்கியவருக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்க பென்டிரைவ்ல என்ன இருக்கு?

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்காக ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் எடுத்தீங்களா? பூச்சி, பறவை கணக்கெடுத்தீங்களா? அந்த எக்ஸல் ஷீட் இப்போ எங்கே? முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. (என் டிப்ளமோ சர்வே சத்தியமா தொலைஞ்சு போச்சு.) ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவை ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கிடைக்கும். பிறர் உங்கள் பெயரைச் சொல்லிப் பயன்படுத்த அது போதும். ஒரே ஒரு வேலை மட்டும் மறக்காம செய்யுங்க: எங்கே, எப்போ, எதை வெச்சு அளந்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதிச் சேருங்க.

அப்புறம், அடுத்த தடவை வத்தலக்குண்டில் பஸ் லேட்டானால் ரீல்ஸைக் கொஞ்சம் நிறுத்திட்டு, கொடைக்கானல் ஆய்வகத்தின் தரவுப் பக்கத்தைத் தேடிப் பாருங்க. பாட்டி பிறந்த வருஷத்துக்குப் போங்க. கறுப்பு வெள்ளையில் ஒரு வட்டம் வரும், ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் இருக்கலாம். அந்தப் படம் எடுக்கப்பட்ட மலைக்குத்தான் உங்க பஸ் ஏறப்போகுது.