பைனாகுலர்: புதுசு வாங்கலாமா, பழசு வாங்கலாமா?

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், மழைக்காலம் முடிந்த கையோடு மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தால் தலையாற்று அருவி தெரியும். 297 மீட்டர் உயரம். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான அருவி இல்லை. வெறுங்கண்ணுக்கு அது மலையில் இழுத்த ஒரு வெள்ளைக் கோடு. மட்டமான பைனாகுலரில் அந்தக் கோடு கொஞ்சம் பெரிதாகும், ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகச் சாயம் ஒட்டிக்கொள்ளும். நல்ல பைனாகுலரில் கோடு மறைந்து தண்ணீர் விழுவது தெரியும். பாறையின் ஈரம், விரிசலில் முளைத்த புல், மேலே வட்டமிடும் பருந்தின் சிறகு நுனி எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

கெங்குவார்பட்டி வட்டாரத்தில் இப்போது பைனாகுலர் தேடுகிறவர்கள் பலவகை. தை பிறந்ததும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து பழகிய மாணவர்கள் ஒரு பக்கம். மஞ்சளாறு அணைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். தோப்பு ஓரத்தில் காட்டுமாடு நிற்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள விரும்பும் விவசாயிகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே குழப்பம்தான். கையில் இருக்கும் காசுக்கு நடுத்தரமான புதுசு ஒன்றை வாங்குவதா, அதே காசுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த, பெரிய கம்பெனியின் பழைய பைனாகுலர் ஒன்றை வாங்குவதா?

பெரிய கம்பெனி என்றால் ஜெர்மனியின் ஸைஸ், லைகா, ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி. இவர்களின் புதிய உயர்தர மாடல்கள் இங்கே ஒரு லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும்; இரண்டு லட்சத்துக்கு மேல் போவதும் உண்டு. இவர்களுடைய முக்கிய வாடிக்கையாளர்களில் ஒரு பெரும்பகுதி வேட்டைக்காரர்கள். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் அந்தி மங்கும் வேளையில் மரமேடையில் காத்திருப்பவருக்கு, கண்ணுக்குத் தெரியாத இருட்டிலும் உருவத்தைக் காட்டித்தரும் கருவி வேண்டும். அந்தத் தேவைதான் இந்தக் கண்ணாடிகளை இவ்வளவு தூரம் வளர்த்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிவிட்டது. கெங்குவார்பட்டிக்கு மேலே இருக்கும் மலை 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். தேனி மாவட்டத்தின் தென்கோடியில் மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். ஆகவே துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கி பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. ஆனால் வேட்டைக்காரருக்காகச் செய்த பைனாகுலர், பறவை பார்ப்பவருக்கும் அப்படியே பொருந்தும். அயல்நாட்டு வேட்டைக்காரர் புது மாடலுக்கு மாறும்போது விற்கும் பழசுதான், பல கை மாறி, ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் நம் வரைக்கும் வந்து சேர்கிறது.

வாங்குமுன் பைனாகுலரில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. பட்டப்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறக்கும், அப்போது எந்தப் பைனாகுலரும் போதும். மாந்தோப்புக்குள் மாலை ஐந்தரைக்குப் பிறகு கண்மணி விரியத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் ஆறுமணிக் குருவி, பேருக்கு ஏற்றபடி அந்த நேரத்தில்தான் குரல் கொடுக்கும். சருகு கிடக்கும் நிழலில் தத்தித் திரியும். 10×25 போன்ற சட்டைப்பை பைனாகுலரில் ஒளிவட்டம் வெறும் 2.5 மில்லிமீட்டர். குரல் கேட்கும், குருவி கறுப்பாகத் தெரியும். வேட்டைக்காரர் விரும்பும் 8×56இல் ஒளிவட்டம் ஏழு மில்லிமீட்டர். ஆனால் அதன் எடை ஒரு கிலோவைத் தாண்டும், கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையேற முடியாது. பழைய சந்தையில் 8×56 மலிவாகக் கிடைத்தால் அந்த எடையையும் நினைத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்துக்கு 8×42 அல்லது 8×32 சரி. கொடைக்கானல் சாலைக் கடைகளில் 30×60 என்று பெரிய எண் எழுதி, சிவப்புக் கண்ணாடி பளபளக்க விற்பவற்றைத் தொடவே வேண்டாம். முப்பது மடங்கில் கை நடுங்கினால் மலையே நடுங்கும். அதுவும் அந்த எண் உண்மையாக இருந்தால்தான்.

பழசா புதுசா என்ற கேள்விக்கு வருவோம். கண்ணாடி தேயாது, நாற்பது வருடக் கண்ணாடியும் கண்ணாடிதானே என்று சொல்லி விற்பார்கள். பாதி உண்மை. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் ஒளி பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். இதைத் தடுக்கும் பூச்சை ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935இல் கண்டுபிடித்தார். அதன்பின் பல அடுக்குப் பூச்சு வந்தது. இன்றைய உயர்தர பைனாகுலர் உள்ளே நுழையும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

இதைவிட முக்கியமான ஒரு வருடம் 1988. இரண்டு குழாயும் நேராக, ஒல்லியாக இருக்கும் பைனாகுலருக்கு ரூஃப் பிரிசம் வகை என்று பெயர். அந்தப் பிரிசத்துக்குள் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது அலைகள் சற்றுப் பிசகி, படம் கூர்மை இழக்கும். அதைச் சரிசெய்யும் பூச்சை ஸைஸ் கொண்டுவந்தது 1988இல். அதற்கு முந்தைய ரூஃப் பிரிசம் பைனாகுலர், மேலே எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும், இன்றைய நடுத்தரப் புதுசிடம் தோற்கும். நினைவுப் பொருளாக வாங்கலாம், பறவை பார்க்க வாங்கக் கூடாது. தோள்பட்டை அகன்ற பழைய போரோ பிரிசம் வகைக்கு இந்தக் குறை கிடையாது. அதனால்தான் ஒரு சாதாரண போரோ, அதே விலையுள்ள ரூஃப் பிரிசத்தைவிடப் பெரும்பாலும் கூர்மையாகக் காட்டுகிறது. ஆனால் பழைய போரோக்களில் காற்றும் ஈரமும் தாராளமாக உள்ளே போய்வரும்.

ஈரம் என்றதும் இந்த ஊரில் பழசு வாங்குவதன் உண்மையான ஆபத்துக்கு வந்துவிட்டோம். பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மலையடிவாரத்து வீடுகளில் சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்த பைனாகுலருக்குள் பூஞ்சை வித்து முளைக்கும். பத்திரமாக வைத்ததே அதற்குக் கேடு. இருட்டும் ஈரமும் காற்றோட்டமின்மையும் மூன்றும் சேர்ந்த இடம் அந்தத் தோல் உறை. பூஞ்சை வளர வளர அமிலம் சுரக்கும், அது பூச்சை அரித்துக் கண்ணாடியிலேயே தழும்பை விட்டுவிடும். பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் தழும்பு போகாது. “லேசாத்தான் இருக்குண்ணே, தொடைச்சாப் போயிரும்” என்று விற்பவர் சொன்னால், துடைத்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, பெரிய கண்ணாடி வழியாகச் செல்போன் டார்ச்சை நேராக இல்லாமல் சாய்த்து அடியுங்கள். கொஞ்சம் தூசி தெரிவது இயல்பு, அது படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. பால் பூசியதுபோல மங்கலாக இருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது முப்பது வருடங்களாக வரும் நல்ல பைனாகுலர்களை நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்துவிடுகிறார்கள், உள்ளே ஈரக்காற்று போக வழியே இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஒன்றுக்குள் பூஞ்சை இருந்தால், அடைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி வரும். அதைப் பிரித்து, துடைத்து, நைட்ரஜன் நிரப்பி அடைக்கும் வேலை ஊர்க் கண்ணாடிக் கடையிலோ கேமரா ரிப்பேர்க் கடையிலோ நடக்காது.

அடுத்தது, இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்ற சோதனை. எங்காவது கீழே விழுந்த பைனாகுலரில் பிரிசம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். வெளியே கீறல்கூட இருக்காது. கடையில் இரண்டு நிமிடம் பார்க்கும்போது கண்ணே சமாளித்துக்கொள்ளும். தோட்டத்தில் கால்மணி நேரம் பார்த்தால் தலைவலி வரும். தூரத்து மின்கம்பியைப் பார்த்தபடி பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து நாலு விரல்கடை பின்னால் கொண்டுவாருங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் ஓடினால் வேண்டாம். அதே கம்பியில் உட்கார்ந்த கரிச்சானையும், வெளிச்ச வானத்தின் முன் ஆடும் தென்னங்கீற்றையும் பாருங்கள். கறுப்பின் ஓரத்தில் ஊதா விளிம்பு கனமாகத் தெரிந்தால் கண்ணாடியின் தரம் அவ்வளவுதான்.

மற்றவற்றைக் கையே சொல்லிவிடும். ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் அது தானாகத் தொங்கக் கூடாது. குவியச் சக்கரம் நடுவில் வழுக்கக் கூடாது. மேலே உள்ள ரப்பர் பிசுபிசுத்தாலோ கொப்பளித்தாலோ வியர்வையும் கொசு விரட்டிக் களிம்பும் வேலை செய்திருக்கின்றன. அதற்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம், அதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. கண்ணாடி அணிகிறவர்கள் தங்கள் கண்ணாடியோடே பார்த்து, வட்டம் முழுசாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தச் சோதனைகளையெல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்வது நல்லது, உச்சிவெயிலில் எல்லாப் பைனாகுலரும் நன்றாகவே தெரியும். நேரில் பார்க்க விடாமல், படம் மட்டும் அனுப்பி முன்பணம் கேட்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

லேசரால் தூரம் அளக்கும் வசதி உள்ள வேட்டைப் பைனாகுலர்களும் பழைய சந்தையில் வருகின்றன. பறவை பார்ப்பவருக்கு அந்த வசதியால் பயன் இல்லை. அதற்கான மின்னணுப் பாகம்தான் முதலில் பழுதாகும், அதற்குப் போய்க் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

உத்தரவாதத்தை விலையின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும். சில நிறுவனங்கள் யார் கையில் இருந்தாலும் பழுது பார்த்துத் தருகின்றன. அமெரிக்காவின் வோர்டெக்ஸ் அந்த வகையில் பெயர் பெற்றது. வேறு சில, முதலில் வாங்கியவருக்கு மட்டும், வாங்கிய நாட்டில் மட்டும் பொறுப்பேற்கும். பைனாகுலரின் வரிசை எண்ணை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எந்த வருடத்தில் செய்தது, இந்தியாவில் சர்வீஸ் கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போலிகளும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பழுது பார்க்க ஐரோப்பாவுக்கு அனுப்ப நேர்ந்தால் கூரியர் செலவும், திரும்பி வரும்போது சுங்க அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய விளக்கமும் சேரும்.

இவ்வளவும் பார்த்தபின் என் முடிவு இதுதான். 2000க்குப் பிறகு செய்த, நைட்ரஜன் அடைத்த, உள்ளே சுத்தமான, ரசீது உள்ள உயர்தரப் பழசு, அதன் புது விலையில் பாதிக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அதே காசுக்குக் கிடைக்கும் புதுசு அந்தி வெளிச்சத்தில் அதற்கு ஈடாகாது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் முப்பது நாற்பதாயிரத்தில் நடுத்தரமான புது 8×42 ஒன்றை வாங்கிவிடுங்கள். எதை வாங்கினாலும் தோல் உறையைத் தூக்கி மாடத்தில் வைத்துவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக இருந்தால், ஈரம் குடித்ததும் தெரியும். சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் வேண்டாம், மாவுத்தூசி குவியச் சக்கரத்துக்குள் போய்விடும்.

பள்ளி இயற்கை மன்றத்துக்கு வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே முப்பது பிள்ளைகள் கைமாற்றுவார்கள், ஒன்றிரண்டு கீழே விழும். ஒரே ஒரு ஜெர்மன் பழசை வாங்கி ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்வதைவிட, அந்தக் காசுக்குப் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் பெயருள்ள கம்பெனியின் புது போரோ 8×40 நாலைந்து வாங்கினால், அணைக்கட்டில் மாங்குயில் பறந்து மறைவதற்குள் நாலைந்து பிள்ளைகளாவது அதைப் பார்த்துவிடுவார்கள்.